வாசகர் கேள்வி – பதில்: நெல்லி வேலைக்குப் போனாள்

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் போகிற நாய்க்குட்டிகளை எங்கள் வீட்டில் வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் இருக்கும் 'கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்டு' பள்ளிக்காக, சான் ஹோசேயில் உள்ள எங்கள் வீட்டில் இதுவரை 5 குட்டிகள் வளர்ந்து போயிருக்கின்றன. வந்த கடிதங்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் பிள்ளை போல வளர்த்துவிட்டு எப்படித் திருப்பிக் கொடுக்க மனம் வருகிறது? என்னால் முடியவே முடியாது. – கல்லூரி மாணவி, திருச்சி

வந்த கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான் அம்மா. மனம் வருவதில்லை. வராத மனத்தோடுதான் கொடுக்கிறோம்.

எங்கள் மூன்றாவது குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கறுப்பு லாப்ரடார். ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயராகப் பள்ளியே வைத்து அனுப்பும். இவளுக்கு நெல்லி என்று பெயர் வந்தது. அது ஆங்கிலப் பெயர்தான் என்றாலும், என் மாமியார் காகிதத்தில் அதைப் படித்துவிட்டு, "நெல்லிக்காயா? நல்ல பெயர்தான்" என்றார். அன்று முதல் அவள் எங்களுக்குத் தமிழ் நெல்லி. பள்ளியின் வண்டி ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து, 8 வாரக் குட்டியாக அவளை என் கையில் கொடுத்தது. பதினான்கு மாதம் கழித்து அதே இடத்துக்கு அதே வண்டி வந்தது. அவள் தானாகவே ஏறிக்கொண்டாள். வண்டியில் ஏறுவதை நாங்கள்தானே நன்றாகப் பழக்கியிருந்தோம். வீடு திரும்பியபோது என் கையில் கழுத்துப்பட்டை இல்லாத வெறும் வார் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம், காலை 6 மணிக்கு என் கை தானாகக் கதவுக்குப் பின்னால் உள்ள கொக்கியைத் தேடியது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல இருக்குமே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. நெல்லி வேலைக்குப் போனாள். முதல் நாளிலிருந்தே அவள் நான் இன்னும் பார்த்திராத ஒருவருக்கு உரியவள். அவர் சாலையைக் கடக்கும்போது நெல்லி பயந்து பின்வாங்கினால், அது நான் எங்கோ ஒரு செவ்வாய்க்கிழமை சோம்பல்பட்டு அவளை வெளியே அழைத்துப் போகாததால் இருக்கலாம். இந்த எண்ணம்தான் வருடம் முழுவதும் எங்களை நடத்துகிறது. பிரிவைப் பற்றி யோசிக்க அது அதிக இடம் விடுவதில்லை.

பயிற்சி முடிந்து, நாய் தன் புதிய துணையுடன் சேரும் நாளில் சான் ரஃபேலில் சிறு விழா நடக்கும். வளர்த்தவர்தான் மேடையில் வாரை அவரிடம் ஒப்படைப்பார். என்னைக் கண்டதும் நெல்லி உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு வந்தாள், என் முழங்காலில் முகத்தைத் தேய்த்தாள். ஓரிகான் மாநிலத்திலிருந்து வந்திருந்த, நெல்லியின் புதிய துணையான பெண் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் நெல்லி என்னை விட்டு அவர் இடப்பக்கம் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அது வண்டி போன நாளில் வந்த அழுகை இல்லை.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அடுக்குமாடி வீடு. 12 வயது மகள் குட்டி வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எங்களால் ஆகுமா? – ஒரு தாய், சன்னிவேல்

அடுக்குமாடி ஒரு தடையே இல்லை. மின்தூக்கி, மாடிப்படி, கூடத்தில் அந்நியர்கள் என்று குட்டி பழக வேண்டிய எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். தடை நேரம்தான். சிறு குட்டியைப் பல மணி நேரம் தனியே விட முடியாது. எனக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை. சில அலுவலகங்கள் குட்டியை உடன் கொண்டுவர அனுமதிக்கின்றன. உங்கள் இருவரில் ஒருவருக்காவது அப்படி வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிள்ளைகள் இதில் ஈடுபடுவது புதிதல்ல. நியூ ஜெர்சியில் உள்ள 'தி சீயிங் ஐ' பள்ளி, கிராமப்புறச் சிறுவர்களுக்கான 4-எச் மன்றங்களோடு சேர்ந்து 1942-லேயே வீடுகளில் குட்டி வளர்க்கத் தொடங்கியது. ஆனால் இரவு 2 மணிக்குக் குட்டி முனகும்போது எழுந்து வெளியே கூட்டிப்போவது 12 வயதுப் பிள்ளை அல்ல, நீங்கள். என் மகள் அந்த வயதில் ஆர்வமாகத்தான் இருந்தாள். தேர்வு வாரத்தில் ஆர்வம் காணாமல் போனது. அதில் தவறில்லை, அவள் குழந்தை.

என் யோசனை: உங்கள் பகுதியில் உள்ள வளர்ப்புக் குழுவின் கூட்டத்துக்கு மகளோடு போய் உட்காருங்கள். ஊருக்குப் போகிறவர்களின் குட்டியை ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஒரு வாரம் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவச் செலவைப் பள்ளி ஏற்கிறது. எங்கள் வீட்டில் உணவுச் செலவு எங்களுடையது. எங்களுக்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

அந்த ஓராண்டில் என்னதான் கற்றுத் தருகிறீர்கள்? சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் நாய்க்கு எப்படிப் புரிகிறது? – ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாய் விளக்கைப் பார்ப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் அதன் கண்ணால் சரியாகப் பிரித்தறியவும் முடியாது. வாகனங்கள் எந்தப் பக்கம் நின்றன, எந்தப் பக்கம் நகர்கின்றன என்று காதால் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவு செய்பவர் மனிதர். வழியும் அவருக்குத்தான் தெரியும். இடம், வலம், நேரே என்று அவர் சொல்ல, நாய் தடைகளைச் சுற்றிக் கூட்டிப்போகும். படியும் நடைபாதை விளிம்பும் வந்தால் நிற்கும். ஆனால் அவர் 'போ' என்று சொன்ன நேரத்தில் சத்தமில்லாத மின்சாரக் கார் ஒன்று வந்தால் நாய் நகராது. கட்டளையை மீற வேண்டிய நேரத்தை அறிந்து மீறுவதுதான் அந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி.

இதையெல்லாம் கற்றுத் தருபவர்கள் பள்ளியின் பயிற்சியாளர்கள். கைப்பிடி வைத்த தோல் ஹார்னஸ் அப்போதுதான் முதுகில் ஏறும். எங்களிடம் இருக்கும்போது ஒரு பச்சை மேலாடை மட்டும்தான். எங்கள் வேலை அதற்கு முன்னால் உள்ள அஸ்திவாரம். உலகம் பயப்படும்படியான இடம் அல்ல என்று குட்டிக்குப் புரியவைப்பது.

இதைச் சொல்ல எளிது. நெல்லி வந்த மூன்றாம் நாள், எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடி அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அவளை வெளியே இழுத்துச் சமாதானம் செய்யவில்லை. மறுநாள், வீட்டின் கடைக்கோடி அறையில் கதவைச் சாத்தி, ஒவ்வொரு விசிலுக்கும் அவளுடைய உலர் உணவில் ஒரு மணி என்று வாயில் கொடுத்தோம். அதற்கு அடுத்த நாள் கதவைத் திறந்து வைத்தோம். பிறகு கூடம், பிறகு சாப்பாட்டு மேசை. பதினோராம் நாள், குக்கர் மூன்று விசில் அடித்து ஓயும் வரை அடுக்களை வாசலில் படுத்தபடியே இருந்தாள். பருப்பு வெந்த மகிழ்ச்சியைவிட அது பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. மிக்ஸி, மகளின் சலங்கை, பக்கத்து வீட்டுப் பையனின் மிருதங்கம், சான் ஹோசே நிலையத்தில் நுழையும் ரயிலின் ஊதல் எல்லாவற்றையும் இதே முறையில்தான் பழக்கினோம். தரையில் உள்ள கம்பி வலை, இடைவெளி தெரியும் படிக்கட்டு, குடை விரிவது, சக்கர நாற்காலி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

கூண்டிலேயே வளரும் நாய் இதைப் பிற்பாடு எளிதில் கற்காது. சான் ரஃபேல் பள்ளியில் கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் என்பவர் குட்டிகளை வாரக்கணக்கில் சோதித்துப் பார்த்துக் கண்டது இதுதான்: பன்னிரண்டு வார வயதில் சோதனைகள் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் சில வாரம் கூண்டிலேயே விடப்பட்ட குட்டிகள் பின்னாளில் அதிகம் தோற்றன. குட்டிகள் அவ்வளவு இளமையிலேயே வீடுகளுக்கு வருவதற்கு அதுவே காரணம்.

எங்கள் விதிகள் சில உங்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். பந்து எறிந்து பிடிக்கவைப்பது இல்லை. பந்தைக் கண்டால் பாயப் பழகிய நாய், நாளை நடுச்சாலையில் ஒருவரை இழுத்துக்கொண்டு பாயும். சொன்னால் மட்டுமே மலம், சிறுநீர் கழிக்க வேண்டும். 'டூ யுவர் பிசினஸ்' என்பது அதற்கான கட்டளை. பார்வையற்றவர் நாயின் முதுகில் கை வைத்து, அது வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதைக் கொண்டே எது என்று அறிந்து சுத்தம் செய்வார். எங்கே, எப்போது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது முடியும்.

எங்கள் வீட்டில் தினமும் பூஜை. எனக்கு நாய் என்றாலே நடுக்கம். பேத்தி குட்டி கேட்கிறாள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? – ஒரு பாட்டி, ஃப்ரீமான்ட்

அம்மா, என் மாமியாரும் இதையேதான் சொன்னார். சிறுவயதில் தஞ்சாவூர்ப் பக்கம் அவரை ஒரு தெருநாய் கடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதை இன்றும் சொல்வார். அந்தப் பயம் நியாயமானது, அதை யாரும் கேலி செய்யக்கூடாது.

நாங்கள் இரண்டு விஷயம் செய்தோம். பூஜை அறைக்குக் குட்டி போகாதபடி ஒரு தடுப்புக் கதவு. அவர் தானாகக் கூப்பிடும்வரை குட்டி அவர் பக்கம் போகாது என்ற வாக்கு. ஐந்து மாதம் அவர் கூப்பிடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தவர், தடுப்புக்கு வெளியே முதல் குட்டி முன்னங்கால் மேல் தலையை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். முடித்துவிட்டு வந்து, "இது தினமும் இங்கேதான் படுக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. பேத்தி கேட்கிறாள் என்பதற்காக மட்டும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். வீட்டில் ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தால் குட்டிக்கும் அது நல்லதல்ல.

முடி கொட்டும். நிறையக் கொட்டும். அதற்கு வழியே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நவராத்திரியில் கொலுவுக்கு வருகிறவர்கள் அன்போடு ஒரு பிடி சுண்டலைக் குனிந்து நீட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் சமையலில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலில் உள்ள உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தையே பாதிக்கும். மனித உணவின் ருசி கண்ட நாய், உணவகத்தில் மேசைக்கு அடியில் மூக்கை நீட்டிக்கொண்டே இருக்கும். தரையில் அது எதை விழுங்கியது என்று அதன் துணைவருக்குத் தெரியாது.

தமிழ்ச் சங்க விழாவில் உங்களைப் போன்ற ஒருவரின் குட்டியைத் தடவப் போனேன். தடுத்துவிட்டார். தொட்டால் என்ன? – வாசகர், ஆஸ்டின்

கேட்டுவிட்டுத் தொடுங்கள். குட்டி அமைதியாக இருந்தால் பெரும்பாலும் நாங்கள் சம்மதிப்போம். ஆனால் ஹார்னஸ் போட்டு வேலையில் இருக்கும் நாயைத் தொடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், உச்சுக் கொட்டாதீர்கள். அது உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் ஒருவர் படியில் தவறலாம். உதவ நினைத்தால் நாயிடம் அல்ல, அந்த மனிதரிடம் பேசுங்கள்.

நான் உணவகம் நடத்துகிறேன். நாயோடு ஒருவர் வந்தால் மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களே. சட்டம் என்ன சொல்கிறது? – எடிசன், நியூ ஜெர்சி

நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, அமெரிக்காவில் வழிகாட்டி நாயோடு வருபவரை நீங்கள் உள்ளே விட்டாக வேண்டும். மற்றவர்களின் பயமோ ஒவ்வாமையோ அவரை மறுக்கக் காரணமாகாது. நாயின் வேலை வெளிப்படையாகத் தெரியாதபோது இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இது மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள்? சான்றிதழ் கேட்கக்கூடாது. நாய் கட்டுக்கடங்காமல் இருந்தாலோ அசுத்தம் செய்தாலோ வெளியேற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எங்களைப் போல வளரும் குட்டியோடு வருபவர்கள் நிலை வேறு. அந்த மத்தியச் சட்டம் பயிற்சியில் உள்ள குட்டிக்குப் பொருந்தாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் நாங்கள் கேட்டுவிட்டுத்தான் நுழைகிறோம், மறுத்தால் வாதாடாமல் திரும்புகிறோம். ஆனால் ஒரு மாலை நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. நெல்லியைத் துணையாகப் பெற்ற ஓரிகான் பெண் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, அவர் இட்லி சாப்பிட்டதே இல்லை என்றதால் நம்மவர் நடத்தும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நாய்க்கு வெளியே இடம் தருகிறோம் என்று என்னிடம் தமிழில் சொன்னார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீங்கள் உங்கள் ஊழியர்களுக்கு ஒரு முறை சொல்லி வைத்துவிடுங்கள். மேசைக்கு அடியில் நாய் படுத்துக்கொள்ள ஒரு மூலை இடம் போதும்.

கோயில்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. சந்நிதிக்குள் நாய் வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வாசலில் நாயைப் பார்த்துக்கொள்ள ஒருவரும், வந்தவரின் கைக்குத் தோள் கொடுத்து உள்ளே அழைத்துச் செல்ல ஒருவரும் இருந்தால் அவர் நிம்மதியாகச் சாமி கும்பிடலாம்.

தேறாத நாய்களை என்ன செய்வார்கள்? – வாசகி, சேலம்

எங்கள் இரண்டாவது குட்டி ஓட்டிஸ் தேறவில்லை. பேருந்தின் ஏர் பிரேக் 'புஸ்' என்று சீறினால் நின்றுவிடுவான். நாங்கள் எவ்வளவோ முயன்றோம், பயிற்சியாளர்களும் முயன்றார்கள். இப்படிப்பட்ட நாய்களுக்கு வேறு வேலை தேடுவார்கள். அதுவும் அமையாவிட்டால், வைத்துக்கொள்கிறீர்களா என்று வளர்த்தவரைக் கேட்பார்கள். ஓட்டிஸுக்கு வேலை அமைந்தது. நீரிழிவு உள்ள ஓர் இளைஞருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கும்போது, மூச்சின் வாசனையைக் கொண்டே அறிந்து எழுப்புகிறான். அவனைத் தோற்றவன் என்று சொல்ல நான் யாரையும் விடுவதில்லை.

இதை முதலில் தொடங்கியது யார்? – பள்ளி மாணவர், திருநெல்வேலி

தம்பி, முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மன் வீரர்களுக்காக 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் முதல் பள்ளி தொடங்கியது. பின்னர் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இருந்த இன்னொரு பள்ளியைப் பார்த்து எழுதியவர் டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். 1927-ல் வந்த அவருடைய கட்டுரையைக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், எனக்கும் ஒரு நாய் வேண்டும், திரும்பி வந்து மற்றவர்களுக்கும் வழி செய்கிறேன் என்று அவருக்கு எழுதினார். சுவிட்சர்லாந்துக்குப் போய், பட்டி என்ற நாயோடு 1928-ல் திரும்பினார். நியூயார்க்கின் நெரிசலான சாலை ஒன்றைப் பத்திரிகையாளர்கள் பார்க்கக் கடந்தார். மறு ஆண்டே சீயிங் ஐ பிறந்தது. இங்கிலாந்தில் 1931-ல் வாலசி என்ற ஊரில் முதல் நால்வர் நாய்களோடு பயிற்சி முடித்தார்கள். எங்கள் பள்ளி 1942-ல் என் வீட்டுக்கு அருகே உள்ள லாஸ் கேட்டோஸில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, 1947-ல் சான் ரஃபேலுக்குப் போனது.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். உங்கள் கட்டுரையை என் கைபேசி வாசித்துக் காட்டியது. இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் உங்கள் பிரிவுத் துயரம். நாயைப் பெற்றவரைப் பற்றி நான்கே வரி. எனக்கு வேண்டியது அந்த நான்கு வரிதான். வெள்ளைக்கோலைவிட நாய் எந்த விதத்தில் மேல்? எங்கள் தெருக்களில் அது ஆகுமா? – வங்கி அலுவலர், கோவை

ஐயா, நீங்கள் சொன்னது சரி. அந்தக் கட்டுரையை இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

நாய் மேல் என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு. கோல் தடையைத் தொட்டு அறிவிக்கிறது. நாய் தடையைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறது. தலை உயரத்தில் நீண்டிருக்கும் மரக்கிளையைக் கோல் காட்டாது, நன்றாகப் பழகிய நாய் காட்டும். ஆனால் கோலை மடித்து மூலையில் வைத்துவிடலாம். நாய்க்குப் பசிக்கும், நோய் வரும், எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிடும். அப்போது அதை இழந்து மறுபடி இன்னொன்றோடு பழக வேண்டும். எல்லாம் தெரிந்தே கோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். நாய் பெறுவதற்கும் முதலில் கோலோடு தனியே நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் இரண்டு வாரம் தங்கிப் பழகுகிறார்கள். தொடக்கத்தில் நாயைத் தருவதில்லை. பயிற்சியாளரே ஹார்னஸைக் கையில் பிடித்து, நாயாக முன்னே நடப்பார். உங்கள் நடைவேகம் என்ன, எவ்வளவு இழுப்பு உங்களுக்குச் சரி என்று அதில்தான் அறிந்து, பொருத்தமான நாயைத் தேர்வார்கள். எங்கள் பள்ளி இதற்குப் பணம் எதுவும் வாங்குவதில்லை.

உங்கள் தெருவை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். வழிகாட்டி நாய் நடைபாதையின் விளிம்பில் நிற்கப் பழகியது. விளிம்பே இல்லாத சாலையில், கடையும் இருசக்கர வண்டியும் அடைத்த நடைபாதையில், அது எங்கே நிற்கும்? நம் ஊர்த் தெருநாய்கள் ஒரு வேலை நாயைச் சும்மா விடாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஆகவே நல்ல நடைபாதைதான் முதலில் வேண்டும் என்பது என் எண்ணம். கோலோடு நடப்பவருக்கும் அது பயன்படும்.

உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லி, ஓரிகானில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் வீட்டருகே சரக்கு ரயில் போகிறது என்றும், அது ஊதும்போது நெல்லி ஒரு காதை மட்டும் அசைப்பாள் என்றும் சொன்னார். பிறகு உங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை முன்பு எப்படி நடந்தார், இப்போது எப்படி நடக்கிறார், எந்த நாட்களில் இன்னும் கோலையே எடுத்துக்கொண்டு போகிறார் என்பதையெல்லாம் அவரே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் தமிழாக்கம் மட்டும் செய்வேன். அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுவதும் அவருடையது.